சட்டை, குடை, செருப்பு

எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் பெரியபட்டினம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இராமநாதபுரம் போய் முதியோர் உதவித்தொகைக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, காலில் தோல் செருப்பு, எண்ணெய் வைத்து வாரிய கிராப்பு, சட்டைப்பையில் பட்டன் போன். வீட்டில் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "தாத்தா, மனு கொடுக்கப் போறீங்களா, மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களா?" தாத்தாவும் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுகிறார். ஏன் இந்த ஜோடனை என்று அவர் சொல்வதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்துச் சேரிகளில் இப்படிப்பட்ட தாத்தாக்களும் அப்பத்தாக்களும் இன்னும் இருக்கிறார்கள். பேச உட்கார்ந்தால் அவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது தாங்கள் கண்ட மாற்றங்களைத்தான். சிம்னி விளக்கைப் பார்த்தோம், எல்.இ.டி. பல்பையும் பார்த்தோம். உரலில் குத்தினோம், ரைஸ் மில்லும் வந்தது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று அலறிய காலம் போய், அந்தத் தந்தியே 2013 ஜூலையோடு நின்றுபோனதையும் பார்த்துவிட்டோம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் போனோம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தையும் பார்த்துவிட்டோம். எங்களைப் போல இத்தனை மாற்றத்தைக் கண்ட தலைமுறை வேறு எது?

இந்தப் பெருமை எல்லாச் சாதிப் பெரியவர்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு தலித் பெரியவர் குடையையும் பேருந்தையும் குழாயையும் போனையும் பற்றிப் பேசும்போது, அந்தப் பேச்சுக்குக் கீழே இன்னொரு கணக்கு ஓடுகிறது. அது தெரிய வேண்டுமானால் சுமார் 95 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பட்டியலைப் படிக்க வேண்டும்.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஜே.எச்.ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றித் தாம் எழுதிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. ஆடு மாடுகள் கொள்ளை போயின.

அப்படியும் நம்மவர்கள் முழுதாக அடங்கவில்லை போலிருக்கிறது. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரர்களின் மாடுகளைத்தான் மேய்க்க வேண்டும். சொந்தமாகப் பயிர் செய்யக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் விட மாட்டோம். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது, எந்தக் காரியத்துக்கும் வாகனம் கூடாது.

இனி அந்தத் தாத்தாவை மறுபடி பாருங்கள். சட்டை, குடை, செருப்பு, கிராப்பு. பட்டியலில் இருந்த நான்கு தடைகளை உடம்பில் உடுத்திக்கொண்டு, ஐந்தாவதாக வாகனத்துக்குக் காத்து நிற்கிறார். அவருடைய அப்பா வாலிபராக இருந்த காலத்தில் இந்தக் கோலத்தில் தெருவில் நடந்திருந்தால் வீடு எரிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியல் பெரியபட்டினத்தில் போடப்பட்டதல்ல. 1985-ல் மூன்றாகப் பிரிவதற்கு முந்தைய இராமநாதபுரம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் அதில் அடக்கம். கடற்கரை முஸ்லிம் ஊர்களின் நடைமுறையும் உள்நாட்டுக் கிராமங்களின் நடைமுறையும் ஒன்றாக இருந்ததில்லை. இளையான்குடி அருகே மாரந்தையில் பிறந்த நாட்டுப்புறவியல் அறிஞர் கே.ஏ.குணசேகரன், 2005-ல் வெளிவந்த தமது 'வடு' தன்வரலாற்றில் இதை விரிவாகச் சொல்கிறார். இளையான்குடியில் முஸ்லிம்களோடு கூச்சமில்லாமல் புழங்கிய சிறுவன், சுற்றுக் கிராமங்களுக்குள் கால் வைத்ததும் தன் சாதி என்ன என்பதை ஒவ்வொரு தெருவிலும் நினைவுபடுத்தப்பட்டான். நம் மாவட்டத்து மாணவர்கள் பாடப்புத்தகத்துக்கு அடுத்தபடியாகப் படிக்க வேண்டிய நூல் அது.

பாத்திரத்துக்கு வருவோம். பெரியபட்டினம் பழைய துறைமுகம். 14-ம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த இபின் பதூதா குறிப்பிடும் 'பத்தன்' இந்த ஊராக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தபோது 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கடல் கடந்து பீங்கான் வந்து இறங்கிய மாவட்டத்தில்தான், அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு சாதி மண்சட்டியில் மட்டுமே சமைக்க வேண்டும் என்று சட்டம் பேசினார்கள். அந்த ஓடுகளைப் பொறுக்கி, கழுவி, எண் போட்டுப் பாதுகாத்திருக்கிறோம். நல்ல காரியம்தான். முதல் பித்தளைக் குடம் தன் வீட்டுக்குள் வந்த நாளை நினைவில் வைத்திருக்கும் அப்பத்தாவிடம் நாம் யாரும் ஒரு வரி கேட்டு எழுதி வைக்கவில்லை.

குடம் இருந்தால் போதுமா, தண்ணீர்? இதுதான் நம் மாவட்டத்தின் பெரிய கதை. அரசு ஊழியரைத் தண்டிக்க 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவார்கள் என்று ஊரே கேலி பேசும் பூமி இது. மழை பெய்தால் ஊருணி, வற்றினால் ஊற்று. கடலோரத்தில் மணலைத் தோண்டி, கசியும் நீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். ஊருக்கே தண்ணீர் இல்லாத இடத்தில், ஊருணியில் இறங்கவே உரிமை இல்லாதவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? கரையில் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றினால் எடுத்துப் போவது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது.

இத்தனைக்கும் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. 1924-லேயே சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், ஆர்.வீரையன் போன்றோர் வாதாடி, பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவரச் செய்தார்கள். 1938-ல் எம்.சி.ராஜாவின் முயற்சியில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1955-ல் நாடு முழுமைக்குமான தீண்டாமைக் குற்றச் சட்டம். காகிதம் ஊருணிக் கரைவரை வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அப்பத்தாக்கள்தான் சொல்ல வேண்டும்.

காகிதத்தை முந்திக்கொண்டு சில ஊர்களுக்கு அடிபம்பு வந்தது. அது தெருவிலேயே வந்து நின்றது. யாரும் ஊற்ற வேண்டியதில்லை, யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை. பிறகு மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், காவிரிக் கூட்டுக் குடிநீர். குடம் வைக்கத் துளை போட்ட தள்ளுவண்டியை இன்றும் நம் ஊர்களில் பெண்கள் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள், தட்டுப்பாடு தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் அப்பத்தா அந்தக் குழாயடியில் நிற்கும் நிற்பைக் கவனியுங்கள். வரிசை பிந்தினால் சண்டை போடுகிறார். கரையில் ஒதுங்கி நின்றவரின் மகள் உரக்கச் சண்டை போடுவதே ஒரு வரலாறு.

பேருந்தும் அப்படித்தான். அந்தக் காலத்தில் எல்லாம் தனியார் பேருந்துகள். ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை. பயணச்சீட்டிலேயே 'பஞ்சமர்களுக்கு இடமில்லை' என்று அச்சடித்திருந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சென்னை பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகும் நம்மவர்கள் பலருக்கு, அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவர்தான் நம் மாவட்டத்தில் நமக்குப் பேருந்துக் கதவைத் திறந்துவிட்டவர் என்பது தெரியாது. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அப்பத்தா முன் இருக்கையில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறக்கிறார்.

செல்போன் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது ரீல்ஸ், வாட்ஸ்அப். தாத்தாவுக்கு அது விடுதலைப் பத்திரம் மாதிரி. ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாவு விழுந்தால், வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குக் கேதம் சொல்லப் போவது சேரிக்காரர் வேலை. நடுராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும். பொட்டல் காட்டில் பத்துப் பதினைந்து மைல் நடை. போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்று சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி என்றும் அதைச் சொல்ல முடியாது. ஊரில் தண்டோரா போடுவதும் அவர்கள் தலையில்தான். முதலில் ஒலிபெருக்கி வந்து தண்டோராவை ஓரங்கட்டியது. போன் வந்து கேதம் சொல்லும் நடையை அடியோடு ஒழித்தது. ஒரு கட்டாய வேலையை ஒரு கருவி சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. தாத்தா அந்த பட்டன் போனைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துவதற்கு அதன் விலை மட்டும் காரணமில்லை.

வானொலியும் தன் பங்கைச் செய்தது. பஞ்சாயத்து ரேடியோ ஊர் நடுவில் இருந்தாலும், அதன் குழாயிலிருந்து வந்த பாட்டு தெருப் பார்த்து நிற்கவில்லை. நம் கடற்கரையில் இலங்கை வானொலி சென்னையைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு ரூபவாகினி தொலைக்காட்சியும் ஆன்டெனாவைத் திருப்பினால் தெரிந்தது.

இலங்கை என்றதும் தனுஷ்கோடி நினைவு வரும். 1914 முதல் ரயிலும் கப்பலும் சேர்ந்த 'போட் மெயில்' பாதை தலைமன்னாருக்கு ஆளைக் கொண்டுபோனது. தேயிலைத் தோட்டக் கூலிகளாக மண்டபம் முகாமில் அடைந்து கிடந்து, சோதனை முடிந்து கடல் தாண்டியவர்களில் பெரும் பகுதி நம்மவர்கள். அங்கேயும் அடிமை வாழ்க்கைதான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மிராசுதாரர் முகத்தில் விழிக்காமல் காசு பார்க்க ஒரு வழி இருக்கிறது என்பதை அந்த ரயில் காட்டியது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் தனுஷ்கோடியையும் விழுங்கியது. எண்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த இரவு இன்றும் நேற்று நடந்ததுபோலத்தான்.

ராணுவம் இன்னொரு வழி. பூட்ஸும் காக்கிச் சட்டையும் போட்டவனைக் குடை பிடிக்காதே என்று சொல்வது எளிதல்ல. பரமக்குடி அருகே செல்லூரில் 1924-ல் பிறந்த இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். இரட்டைக் குவளைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார், சரிநிகராக உட்கார்ந்தார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 33-கூட நிரம்பவில்லை. தொடர்ந்து முதுகுளத்தூர்க் கலவரம். அப்போது பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்கள்தான் இன்றைய தாத்தாக்கள். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் அவர்கள் நினைவில் இருக்கின்றன. 2010-ல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது. அந்தத் தபால்தலையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீட்டில் அதைச் சின்னச் சமாசாரம் என்று சொல்லிவிட முடியாது.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாரும் அறிந்ததுதான். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. பசிக்காகப் போன பிள்ளை எழுத்தையும் கூட்டிக்கொண்டு வீடு வந்தது. மாடு மேய்க்கத்தான் வேண்டும் என்று பட்டியல் போட்ட மாவட்டத்தில் அந்தப் பிள்ளையின் பிள்ளை ஆசிரியரானார், நர்ஸானார். பேத்தி லேப்டாப்பில் புராஜெக்ட் செய்கிறார்.

வீட்டுக் கதைதான் கொஞ்சம் கசப்பு. கூரை ஒழுகிய குடிசைக்குப் பதிலாக அரசு கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீட்டைக் 'காலனி வீடு' என்று பெருமையாகச் சொன்ன தலைமுறை இது. அதே 'காலனி' ஊரார் வாயில் வசைச்சொல்லாகிப் போனது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். சொல் போனது நல்லது. ஆனால் முதன்முதலாகச் சிமென்ட் தரையில் படுத்த அன்று அதே சொல் தங்கள் வாயில் இனித்ததையும் பெரியவர்கள் மறக்கவில்லை.

இயந்திரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேஷன் கடைக் கைரேகைக் கருவியிடம் கேட்டால் தெரியும். வாழ்நாளெல்லாம் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை அது ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறது. இரட்டைக் குவளை போய்ப் பேப்பர் கப் வந்த டீக்கடைகளில், யார் பெஞ்சில் உட்காருகிறார், யார் நின்று குடிக்கிறார் என்று பாருங்கள். கருவியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்டு. நம் தாத்தாக்கள் கும்பிட்ட மேல்நிலைத் தொட்டியில்தான் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மலத்தைக் கலந்தார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவர் புல்லட் ஓட்டியதற்காகக் கையில் வெட்டப்பட்டதாகச் செய்தி வந்தது. 1931-ன் பட்டியலில் 'வாகனம் கூடாது' என்பது கடைசியில் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

இதனால்தான் பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் முழுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். ரேடியோ வந்தது, பஸ் வந்தது, கரண்ட் வந்தது என்று வந்ததை மட்டும் சொல்வார்கள். வருவதற்கு முன் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வாய் வராது. பேரன் முன்னால் தான் பட்ட அவமானத்தைச் சொல்ல எந்தத் தாத்தாவுக்கு மனம் வரும்? சொன்னால் பிள்ளை மனம் புண்படுமே, ஆத்திரத்தில் எங்காவது வம்பில் போய் நிற்குமே என்ற பயமும் உண்டு. அந்த மௌனத்தின் விலை, பேரன் தாத்தாவின் சட்டையைப் பார்த்துச் சிரிப்பது.

கேட்கிற விதத்தில் கேட்டால் பேசுவார்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். பொருளை வைத்துக் கேளுங்கள். முதல் செருப்பு எப்போது வாங்கினீர்கள், அதைப் போட்டுக்கொண்டு எந்தத் தெரு வழியாக நடந்தீர்கள்? எந்த இடம் வந்ததும் கழற்றிக் கையில் எடுத்தீர்கள், எந்த வருஷத்திலிருந்து கழற்றுவதை விட்டீர்கள்? சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடியே ஊருக்குள் போன முதல் ஆள் யார்? அப்பத்தாவிடம் முதல் ரவிக்கையைக் கேளுங்கள், யார் தைத்துக் கொடுத்தார்கள் என்று. எந்த ஊருணியில் எந்தப் படி வரை இறங்கலாம் என்று இருந்தது? கடைசியாகக் கேதம் சொல்ல நடந்தவர் யார், எந்த ஊருக்கு?

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இந்த விடுமுறையில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். செல்போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது, ஆனால் அவர்கள் சம்மதம் கேட்டுக்கொண்டு. பெயர் வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுங்கள். ஊர்ப் பெயரும் ஏறத்தாழ வருஷமும் இருக்கட்டும். வருஷம் நினைவில்லாவிட்டால் தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், சட்டென்று சொல்லிவிடுவார்கள்.